கடைசி ஆளின் கை

வலது கையில் முழங்கை வரைக்கும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, மேசைமேல் பரப்பியிருந்த ஈரக் களிமண்ணில் ஆனந்தராஜ் அதைப் படுக்க வைத்தான். மண் சில்லென்றிருந்தது. தமிழ்ச்செல்வன் குனிந்து, விரலுக்கு விரல் மண்ணை அணைத்துக் கொடுத்தான், தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையைச் செருகுவது போல. உள்ளங்கை மேலே பார்த்திருக்க, கையின் பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றது. பிறகு சுற்றிலும் நான்கு பலகைச் சட்டங்களை நிறுத்திக் கயிற்றால் இறுக்கினான்.

"வெரல ஒட்டாத. ரொம்பப் பிரிக்கவும் பிரிக்காத. கிரவுண்டுல எப்பிடித் தூக்குவியோ அப்பிடி வெச்சிக்க."

"படுத்துக்கெடக்கற கை எப்பிடிடா தூக்குன கை மாரி இருக்கும்?"

"வார்த்து நிமித்தி வெச்சா தூக்குன கைதான். யானைய மட்டும் என்னா நிக்க வெச்சா வார்க்கறோம்?"

ஜன்னலோரம் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த வாசுகி சிரித்தாள். அவள் தமிழ்ச்செல்வனின் மனைவி. அவன் வேலை செய்கிற பொம்மைக் கம்பெனியிலேயே வர்ணம் தீட்டுகிற வேலை. "பாத்துக்குங்கண்ணே. போன மாசம் இவுரு மொதலாளி மூஞ்சிய மோல்டு எடுக்கறேன்னு, மீசையில பாதியப் பிச்சி எடுத்துட்டாரு."

"அவுரு எண்ண பூச மாட்டன்னாரு. அது என் தப்பா?"

2008ஆம் வருஷம் ஏப்ரல் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அன்றைக்கு எல்லாக் கம்பெனிக்கும் லீவு. பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் செய்கிற இந்தச் சின்னக் கம்பெனியின் சாவியை மட்டும் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான் தமிழ்ச்செல்வன். பத்து வருஷத்துக்கு மேலாக இங்கே அவனுக்கு மோல்டு போடுகிற வேலை. சுவர் நெடுக மர அலமாரிகளில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டர் மோல்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாகச் சேர்த்து ரப்பர் பட்டை போட்டு, அடுக்கியிருந்தன. பிள்ளையார், யானை, கொக்கு, குனிந்து கோலம் போடுகிற பெண். மூடியிருக்கும்போது எதற்குள் எது இருக்கிறதென்று வெளியாளுக்குத் தெரியாது. தமிழ்ச்செல்வன் பார்க்காமலே கைவிட்டு எடுப்பான்.

ஆனந்தராஜ் கல்கத்தாவிலிருந்து திரும்பி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சென்னையில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து வேப்பூர் கூட்ரோட்டில் இறங்கி, டவுன் பஸ்ஸுக்கு மாறி ஊருக்குள் வந்தபோது, இரண்டு பைகளும் ஒரு மடித்த எக்ஸ்ரே உறையும் கையில் இருந்தன. இருபத்தெட்டு வயதில் ஒரு கால்பந்துத் தடுப்பாளின், ஒரு ஸ்டாப்பர் பேக்கின், இடது முழங்கால் முடிந்துபோனது. கிளப் அனுப்பிய கடிதத்தில் நன்றி என்று ஒரு வரி, வருங்காலம் சிறக்க என்று ஒரு வரி. அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் அவனுக்காகக் காத்திருந்தது தமிழ்ச்செல்வன் ஒருவன்தான். வந்ததும் வராததுமாக, பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவன் சொன்ன முதல் வார்த்தை, "உன் பேர்ல ஒரு கப்பு வெக்கப் போறோம்டா."

அந்தக் கப்புக்கு நோட்டீஸ்கூட அடித்தாயிற்று. மஞ்சள் காகிதத்தில் சிவப்பு எழுத்து. 'ஆனந்தராஜ் நேர்மைக் கோப்பை, முதலாம் ஆண்டு கால்பந்துப் போட்டி, மே மாதம் கடைசி ஞாயிறு.' கோப்பை என்றால் கோப்பை இல்லை. ஆனந்தராஜின் தூக்கிய வலது கையை அப்படியே வெள்ளைப் பீங்கானில் வார்த்துக் கொடுப்பதாகத் தமிழ்ச்செல்வன் முடிவு கட்டியிருந்தான். மோல்டு காய ஒரு வாரம், வார்த்ததை நிழலில் காயவைக்க நாலு நாள், முதல் சூளை ஒரு நாள், மெருகு பூசி மறுபடியும் ஒரு சூளை. உடைந்துபோனால் இன்னொன்று வார்க்கவும் நாள் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினான். ஆனந்தராஜ் இரண்டு தடவை மறுத்தான். முழங்கால் வலி என்று ஒரு தடவை, சேத்தியாத்தோப்பில் அத்தை வீட்டு விசேஷம் என்று ஒரு தடவை. மூன்றாவது தடவை தமிழ்ச்செல்வன் வீட்டுக்கே வந்து சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டி வந்துவிட்டான்.

பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கிக்கொண்டே தமிழ்ச்செல்வன் சொன்னான். "மைக்குல நான் என்னா பேசப் போறேன்னு ஒரு தடவ சொல்லிக் காட்டறேன். தப்பு இருந்தா சொல்லு."

"அதெல்லாம் வேணாம் தமிழு."

"கேளுடா. நேர்மன்னு போட்டுருக்கே, எதுக்குன்னு வெளியூர் டீம்காரன் கேப்பான் இல்ல? அவனுக்கு நம்ம கத என்னா தெரியும்?"

அந்தக் கதை விருத்தாசலம் ஜங்ஷன் பக்கத்து மைதானத்தில் பந்து உதைத்த அத்தனை பேருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அந்த மைதானத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர் உலகத்தில் கால்பந்து என்றால் நடுவர் ஒருவர், கோட்டோரம் கொடி பிடிக்க இரண்டு பேர். இங்கே கொடி பிடிக்க ஆள் கிடையாது. பி.டி. வாத்தியார் கலியமூர்த்தி சார் ஒருவரே விசிலை வைத்துக்கொண்டு நடு மைதானத்தில் நிற்பார். அவருக்கு மூச்சு வாங்கும், ஓட மாட்டார். ஆகவே ஆஃப்சைடு பார்க்கிற வேலை ஆட்டக்காரர்களிடமே விடப்பட்டிருந்தது. பந்து உதைபடுகிற நொடியில் தடுப்பு வரிசையின் கடைசி ஆளைத் தாண்டி எதிரணிக்காரன் நின்றால் அது ஆஃப்சைடு. அதை அந்தக் கடைசி ஆளே பார்த்துக் கையைத் தூக்குவான். கை எழுந்தால் ஆட்டம் நிற்கும். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. தங்கராசு என்று ஒருவன் ஒரு முறை பொய்க்கை தூக்கினான். அது தெரிந்ததும் அவனை ஒரு வருஷம் ஆட்டத்தில் சேர்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போட்டான். அவனைக் கண்டால் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு பொய்க்கை என்பது அந்த மைதானத்தில் இல்லாமல் போயிற்று.

தமிழ்ச்செல்வன் மைக் பிடித்தவன் போலக் கரண்டியை வாயருகே வைத்துக்கொண்டான். "தொண்ணூத்தி ஏழாம் வருஷம். செராமிக் டீமுக்கும் ஜங்ஷன் டீமுக்கும் ஃபைனல். மெட்ராஸ்லேருந்து ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலு கோச்சு ஆள் எடுக்க வந்து ஒக்காந்துருக்காரு. நான் செராமிக்கு டீமுக்கு ஃபார்வர்டு. இவன் ஜங்ஷனுக்கு ஸ்டாப்பர் பேக்கு. ஒண்ணாங் கிளாஸ்லேருந்து ஒரே பெஞ்சு. கோலு இல்ல, இன்னும் பத்து நிமிஷம். எனக்குப் பந்து வருது. இவனத் தாண்டிட்டேன். கோல்கீப்பரு வெளிய வந்து வுழுந்துட்டான். காலி கோலு. தள்ளிவுட்டா போதும். திரும்பிப் பாக்கறேன்..." கரண்டியிலிருந்து ஒரு சொட்டு அவன் சட்டையில் விழுந்தது. "இவன் கை மேல நிக்குது. கூட்டாளின்னு பாக்கல. நான் செலக்சன் ஆவணும்னு பாக்கல. ஒரு எட்டு தாண்டி நின்னேன், தூக்கிட்டான். அந்தக் கைதான்யா இந்தக் கை! இப்பிடி முடிச்சுட்டு, துணிய இழுத்துடுவேன். எப்பிடி?"

"அய்யோ, கண்ணுல தண்ணி வந்துடும் அவங்களுக்கு" என்றாள் வாசுகி. "எனக்கு நூறு தடவ கேட்டுக் கேட்டுக் காதுலதான் வருது."

தமிழ்ச்செல்வன் பிளாஸ்டரை ஊற்றினான். மோர் மாதிரி வழிந்து விரல்களின் இடுக்குகளில் இறங்கி, உள்ளங்கையை மூடி, மணிக்கட்டு வரை வந்து நின்றது. "இருவது நிமிஷம் ஆடக்கூடாது. இறுகக்குள்ள சூடு ஏறும். பயந்துடாத, சுடாது" என்றான்.

ஆனந்தராஜ் தன் கை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளையாக ஒரு கட்டிதான் இருந்தது.

தமிழ்ச்செல்வன் சொன்ன கதையில் எல்லாம் சரி, ஒன்று மட்டும் இல்லை. ஜங்ஷன் டீமில் பக்கிரி என்று ஒருவன் லெஃப்ட் பேக். அந்தப் பந்து வருவதற்கு ஒரு நிமிஷத்துக்கு முன்னால், காலில் நெருஞ்சி முள் ஏறிவிட்டதென்று அவன் கோலுக்குப் பக்கத்திலே, வேலி ஓரமாக, கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். "முள்ளு!" என்று கத்தியது ஆனந்தராஜுக்குக் கேட்டது. "எந்திரிடா" என்று இவனும் பதிலுக்குக் கத்தினான். பக்கிரி எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எச்சில் தொட்டு முள்ளைத் தேடிக்கொண்டிருந்தான். ஆக, அந்த நொடியில் கடைசி ஆள் ஆனந்தராஜ் இல்லை, பக்கிரி. தமிழ்ச்செல்வன் ஆனந்தராஜை ஒரு எட்டு தாண்டி நின்றது நிஜம்தான். ஆனால் பக்கிரியைத் தாண்டவில்லை, பக்கிரி இன்னும் பதினைந்து எட்டு உள்ளே, கோல் பக்கமாக உட்கார்ந்திருந்தான். வேடிக்கை பார்த்தவர்களெல்லாம் எதிர்ப்பக்கம் புளியமர நிழலில். கலியமூர்த்தி சார் நடுவில். பக்கிரி இருந்த பக்கம் கருவேல வேலி மட்டும்தான்.

கை தானாக எழுந்தது என்று முதல் ஒரு வருஷம் ஆனந்தராஜ் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். செல்லவில்லை. தமிழ்ச்செல்வன் தாண்டியதும் முதலில் அவன் பார்த்தது கோலை அல்ல, புளியமரத்தடி நாற்காலியில் இருந்த மெட்ராஸ் கோச்சின் முகத்தை. அப்புறம் பக்கிரியைப் பார்த்தான். அதற்கும் அப்புறம்தான் கை எழுந்தது. செராமிக் டீம்காரர்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது தமிழ்ச்செல்வனே அவர்களை மறித்தான். "தூக்கிட்டான்ல, வுடு." பந்தை உள்ளங்காலால் நிறுத்தி, கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்து, ஆனந்தராஜின் காலடியில் வைத்தான். "எங்க வெக்கணும்? இங்கியா?" என்று வேறு கேட்டான். அன்றைக்குச் சாயங்காலம் கோச் ஒரே ஒரு பெயரைத்தான் எழுதிக்கொண்டு போனார். ஒரு கோல்கூட விடாத ஸ்டாப்பர் பேக்கின் பெயர்.

அந்த ஒரு பெயரிலிருந்து பதினொரு வருஷம் வந்தது. ஹாஸ்டலில் மூன்று வருஷம். சென்னை லீக்கில் மூன்று வருஷம். 2003இல் கல்கத்தாவில் ஒரு நடுத்தரமான கிளப்பில் ஒப்பந்தம். மேலே போகிறவர்களுக்கும் கீழே இறங்குகிறவர்களுக்கும் நடுவில் எப்போதும் ஏழாவது எட்டாவது இடத்தில் நிற்கிற கிளப். தேசிய லீக்கில் அவன் ஆடிய முதல் ஆட்டத்தில், எதிரணி ஃபார்வர்டு தாண்டியதும் ஆனந்தராஜ் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். அது நிஜமான கை, பழகின கை. எதிரணிக்காரன் நிற்பான், பந்தைக் கொண்டு வந்து காலடியில் வைப்பான் என்று மெய்யாகவே எதிர்பார்த்தான். அந்த ஃபார்வர்டு போய்க் கோல் போட்டுவிட்டு மூலையில் ஆடிக்கொண்டிருந்தான். கொடி எழவில்லை. மறுநாள் பேப்பரில் முதல் தடவையாக ஆனந்தராஜின் பெயர் வந்தது, அந்தக் கோலுக்காக. கூட ஆடினவர்கள் அவனுக்கு 'டிராஃபிக் போலீஸ்' என்று பெயர் வைத்தார்கள். வயதான வங்காளிக் கோச் திட்டவில்லை. ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்து வந்து அவன் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினார். கை தூக்க வேறு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், நீ ஓடு என்றார். ஒன்றரை மாதம் பயிற்சியில் ஒற்றைக் கையோடு ஓடினான். விழுந்தால் தாடைதான் முதலில் மண்ணைத் தொடும். ஆனால் அந்தப் பழக்கம் போயிற்று.

அதற்குப் பிறகு நன்றாகத்தான் ஆடினான். தன்னைவிட ஒரு தலை உயரமான வெளிநாட்டு ஃபார்வர்டுகளை முதுகால் உணர்ந்தே மறித்தான். ஒரு முறை இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு முப்பது பேரில் ஒருவனாகக் கூப்பிட்டார்கள். பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பேரை அனுப்பியபோது, அனுப்பியவர்களோடு ரயிலேறினான். தடுப்பாளின் உத்தியோகம் அப்படி. அவன் ஒழுங்காகச் செய்தால் அங்கே ஒன்றுமே நடந்திருக்காது, நடக்காத ஒன்றைப் பேப்பரில் எப்படிப் போடுவார்கள்? ஆட்டம் முடிந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிளப் விடுதிக்குத் தமிழ்ச்செல்வனின் போன் வரும், விருத்தாசலம் பாலக்கரை எஸ்.டி.டி. பூத்திலிருந்து. "டீக்கடையில பாத்தோம்டா. ரெண்டாம் பாதியில அந்த நீக்ரோவ ஒரு அடி நவுர வுடல நீ!" ஆனந்தராஜ் ரிசீவரைப் பிடித்தபடி, இன்றைக்குச் சொல்லிவிடலாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நிற்பான். பூத்து மீட்டர் ஓடுவது அவன் காதில் கேட்பது போல இருக்கும். "சரி, போயிட்டு அடுத்த வாரம் பேசறேன்" என்று தமிழ்ச்செல்வன் வைத்துவிடுவான்.

கட்டி மெல்லச் சூடேறத் தொடங்கியது. உள்ளங்கையில் யாரோ கையை வைத்து அழுத்துவது போல.

"டீ வாங்கியாறேன்" என்று வாசுகி எழுந்தாள். "அண்ணே, இவுரு கிட்ட சொல்லிட்டுப் போங்க. எதுக்கும் முன்னாடி போவ மாட்டாரு. பஸ்ஸுல எல்லாரும் ஏறட்டும்னு நிப்பாரு, பஸ்ஸு போயிடும். தாலி கட்டக்குள்ள மேளம் அடிச்சி முடிச்சிட்டான், அப்பறம்தான் இவுரு கைய நீட்டுனாரு. எங்க மாமன் கேட்டாரு, மாப்ளைக்கு இஷ்டம் இல்லியான்னு."

"அதுக்குப் பேரு டைமிங்கு. போடி."

அவள் போனதும் தமிழ்ச்செல்வன் சட்டங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு எதிரே குந்தினான். "அவ சொல்றது நெசந்தான். எல்லாம் உன் கை பாடம்டா. அன்னிக்கி அவசரப்பட்டேன் பாரு, அதுக்கப்பறம் ஒரு கட்டுப்பாடு வந்துடுச்சி. பந்து கெளம்பட்டும், அப்பறம் கால எடுப்போம்னு. ரெண்டாயிரத்துல நெய்வேலியில ஒரு டீமுக்கு டிரயலு போனேன் இல்ல? உன்கிட்ட சொன்னனா?"

"இல்ல."

"வேலையோட எடுக்கறதா இருந்தாங்க. ரெண்டு நாளு ஓட வுட்டாங்க. அந்தக் கோச்சு கூப்புட்டுக் கேட்டாரு, ஏன் தம்பி ஒவ்வொரு தடவயும் ஒரு எட்டு லேட்டா கெளம்புறன்னு. சட்டப்படி ஓடறேன் சார்ன்னேன். சிரிச்சிட்டாரு." தமிழ்ச்செல்வனும் சிரித்தான். "எடுக்கல. ஆனா ஒரு ஆஃப்சைடு கெடையாது, தெரியுமா? ரெண்டு நாள்ல ஒண்ணு கெடையாது!"

ஆனந்தராஜுக்குக் கை நன்றாகச் சுட்டது. சுடாது என்று சொல்லியிருந்தான், சுட்டது.

"தமிழு, அன்னிக்கி நீ ஆஃப்சைடு இல்ல."

"என்னிக்கி?"

"ஃபைனல்ல. பக்கிரி உள்ள ஒக்காந்துருந்தான். கால்ல முள்ளு ஏறிடுச்சின்னு. வேலியோரம். நீ பாக்கல. நான் பாத்தேன். பாத்துட்டுதான் தூக்குனேன்."

 தமிழ்ச்செல்வன் எழுந்து, வாளியில் மிச்சமிருந்த பிளாஸ்டரைக் கரண்டியால் சுரண்டினான். அது ஏற்கெனவே கல்லாகியிருந்தது, சுரண்ட வரவில்லை. "கைய ஆட்டாத" என்றான்.

"ஆட்டல."

"ஆடுது."

மறுபடியும் வாளியைச் சுரண்டினான். "கிளப்புல அனுப்பிட்டாங்கன்னு மனசு சரியில்ல உனக்கு" என்றான் தமிழ்ச்செல்வன், திரும்பாமலே. "நாம இப்பிடி வந்து ஒக்காந்துட்டோம், இவன் கப்பு கிப்புன்னு கூத்தடிக்கிறானேன்னு. அதுக்காவ என்னத் தூக்கி வுடறியா? எனக்கு ஆறுதலு சொல்றியா?"

"ஆறுதலு இல்லடா. நெசம்."

"முள்ளாம். அந்த வருஷம் ஃபைனலுக்கு முன்னாடி ரெண்டு நாளு நாங்கதான் கிரவுண்டச் செதுக்குனோம். நானு, தனக்கோடி, எல்லாரும். நெருஞ்சி ஏது அங்க?"

"வேலியோரம் செதுக்கல நீங்க."

தமிழ்ச்செல்வன் கரண்டியைக் கீழே போட்டான். "நான் ஒரு எட்டு தாண்டி நின்னேன். எனக்குத் தெரியாதா? என் காலு எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா தூங்கறதுக்கு முன்னாடி அந்த ஒரு எட்டத்தான்டா பாத்துக்கிட்டு இருக்கேன். உன் சட்ட என் தோளுக்குப் பின்னாடி இருந்துச்சி. இல்லன்னு சொல்லு."

"இருந்துச்சி. என்னத் தாண்டிட்ட. பக்கிரியத் தாண்டல."

"பக்கிரி, பக்கிரி!" என்றான் தமிழ்ச்செல்வன். குரல் உடைந்து மேலே போயிற்று. "அவன் திருப்பூரு போயி ஆறு வருஷம் ஆவுது. இங்க இருக்கக்குள்ள என்னிக்காவது ஒரு வார்த்த சொன்னானா? நீ நெசத்தச் சொல்றன்னா நான் என்னாடா பண்ணிக்கிட்டு இருந்தேன் இத்தினி வருஷம்?"

 மன்னிப்பு என்கிற வார்த்தையை ஆனந்தராஜ் கல்கத்தாவில் எத்தனையோ விதமாகச் சேர்த்து வைத்திருந்தான், வாரா வாரம் கடிதத்துக்கு முதல் வரி மாதிரி.  தமிழ்ச்செல்வன் கோபித்துக்கொண்டு அடிப்பான், அல்லது அழுவான், அல்லது பழசை விடு என்பான் என்று மூன்றையும் நினைத்து வைத்திருந்தான். நம்ப மாட்டான் என்று நினைக்கவில்லை.

அவ்வளவு கோபத்திலும் தமிழ்ச்செல்வன் நேரம் பார்த்தான். இருபது நிமிஷம் முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து, சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டியின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மெதுவாக அசைத்துத் தூக்கினான். கை விடுபட்டது. சிவந்து, ஈரமாக, எண்ணெயும் மண்ணுமாக இருந்தது. கட்டியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே பள்ளமாக ஒரு உள்ளங்கை, ரேகை முதற்கொண்டு பதிந்திருந்தது. நல்ல மோல்டுதான். முகத்தில் ஒரு நொடி அந்தத் திருப்தி வந்து போனது. இனி கையைத் திருப்பிப் போட்டுப் புறங்கைப் பக்கம் ஊற்ற வேண்டும். மாவு மூட்டையின் பக்கம் போனான். மூட்டையின் வாயைப் பிரித்தான். பிறகு அதைத் திரும்பச் சுருட்டி வைத்துவிட்டு, "வா" என்றான்.

"எங்க?"

"கிரவுண்டுக்கு. ஒக்காந்து பேசிக்கிட்டு இருந்தா ஆவுமா? பாத்துடுவோம்."

வாசலில் வாசுகி டீ பாட்டிலோடு எதிரே வந்தாள். "அதுக்குள்ள ரெண்டு பாதியும் ஆயிடுச்சா? கையக் கூடக் கழுவல?"  அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

தமிழ்ச்செல்வன் சைக்கிளை மிதித்தான். ஆனந்தராஜ் பின்னால் உட்கார்ந்து, மண் ஒட்டிய கையை மடியில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டான். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி நாற்பத்திரண்டு பெட்டிகளோடு போய் முடிகிற வரை இரண்டு பேரும் நின்றார்கள். எண்ணியது ஆனந்தராஜ். கேட் திறந்ததும் எல்லா வண்டிகளும் போகட்டும் என்று தமிழ்ச்செல்வன் ஓரமாகவே நின்றான்.

மைதானத்தில் யாரும் இல்லை. பத்து மணி வெயிலில் தரை வெளுத்துக் கிடந்தது. புளியமரத்தை ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். கருவேல வேலி இருந்த இடத்தில் ஹாலோபிளாக் சுவர். கோல் கம்பங்கள் மட்டும் அதே இரும்புக் குழாய்கள், அதே இடத்தில். தமிழ்ச்செல்வன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கம்பத்திலிருந்து நேராக நடந்து வந்தான். வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்று, தேடவே தேடாமல், செருப்பைக் கழற்றி வைத்தான். "இது நீ." அதிலிருந்து ஒரு எட்டு கோல் பக்கமாக வைத்து, குதிகாலால் கோடு கிழித்தான். "இது நான். சரியா?"

ஆனந்தராஜ் பார்த்தான். சரியாக இருந்தது. ஒரு சாண்கூட வித்தியாசமில்லை.

"சரி."

"இப்ப நீ போயி பக்கிரி எங்க இருந்தான்னியோ, அங்க ஒக்காரு. எனக்குத் தெரியுதான்னு பாக்கறேன். அவ்வளவு கிட்ட ஒருத்தன் ஒக்காந்துருந்தா எனக்குத் தெரியாமயா போயிருக்கும்?"

ஆனந்தராஜ் நடந்தான். சுவரோரம் வந்து, கோலிலிருந்து தூரத்தைக் கண்ணால் அளந்து, ஒரு எட்டு தள்ளி, மறுபடியும் அரை எட்டு திருத்திக்கொண்டான். இடது முழங்கால் மடங்காததால் அதை முன்னால் நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித்தான் உட்கார முடிந்தது. தரை கொதித்தது.

"ஒக்காந்துட்டியா?" என்று தமிழ்ச்செல்வன் அங்கிருந்து கத்தினான்.

"ஒக்காந்துட்டேன்."

"அங்கதானா?"

"இங்கதான்."

தமிழ்ச்செல்வன் கோட்டின்மேல் போய் நின்றான். லேசாகக் குனிந்து, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, பந்து வரப் போகிறவன் நிற்பது போல நின்றான். வெறுங்கால் சுட்டிருக்க வேண்டும், மாற்றி மாற்றி வைத்தான். பிறகு அதுவும் நின்றது. கழுத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் போதும், சுவரோரம் தெரிந்துவிடும். ஆனந்தராஜ் சுவரோரம் காலை நீட்டிக்கொண்டு, அவன் திரும்புவான் என்று முகத்தை அந்தப் பக்கமே வைத்து உட்கார்ந்திருந்தான். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தமிழ்ச்செல்வன் காலி கோலை நேராகப் பார்த்தபடி, கழுத்து நரம்பு புடைக்க நின்றுகொண்டே இருந்தான்.